அன்றாடச் செலவுக்குக் கடன் வாங்கினால் விலைவாசி குறையாது
தமிழ்நாடு அரசின் நிதிநிலை குறித்து எங்கள் நுகர்வோர் சங்கத்தின் நிலைப்பாடு

சம்பளம், ஓய்வூதியம், மானியம், வட்டி ஆகிய அன்றாடச் செலவுகளுக்குத் தமிழ்நாடு அரசு கடன் வாங்குவதை நிறுத்த வேண்டும். எந்த ஆண்டுக்குள், எந்த வழியில் நிறுத்தப்போகிறது என்ற கால அட்டவணையைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். ஏழைகளுக்கான நலத்திட்டங்களை வெட்டி இதைச் செய்யக் கூடாது.

நிலைமை என்ன?

2013-14 முதல் ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் வருவாய்ப் பற்றாக்குறையில்தான் இருக்கிறது; அதாவது அன்றாடச் செலவுக்கே வருவாய் போதவில்லை. ஆட்சிகள் மாறின, பற்றாக்குறை மாறவில்லை. அதை ஒழிக்கவென்றே 2003இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் கெடு நெருங்கும்போதெல்லாம் சட்டத்தைத் திருத்திக் கெடுவைத் தள்ளிவைப்பதே வழக்கமாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் வெளியான அரசின் நிதி வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் அரசுக் கடன் இருப்பதாகக் கணக்கிட்டது. 2026 மார்ச் இறுதியில் மொத்தக் கடன் ஏறத்தாழ 9.3 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை மதிப்பிட்டது. அந்த ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 41,635 கோடியாக இருக்கும் என்றும் அது மதிப்பிட்டது. வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்கே போகிறது.

சாலை, அணை, மருத்துவமனை கட்டக் கடன் வாங்குவதில் தவறில்லை. அவை பல தலைமுறைக்குப் பயன்படும். இந்த மாதச் சம்பளத்துக்கு வாங்கும் கடனுக்கு அடுத்த தலைமுறையும் வட்டி கட்ட வேண்டியிருப்பதுதான் அநியாயம்.

வீட்டுச் செலவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

எல்லா விலையேற்றத்துக்கும் மாநில அரசே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. பருப்பு, எண்ணெய், எரிவாயு விலைகள் பெரும்பாலும் மாநிலத்துக்கு வெளியே முடிவாகின்றன. ஆனால் மின் கட்டணமும் வீட்டு வரியும் இங்கேதான் முடிவாகின்றன. இரண்டிலும் நடந்தது ஒன்றே: ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள், பிறகு ஒரே அடியாக ஏற்றினார்கள்.

2014 டிசம்பருக்குப் பிறகு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மின் கட்டணம் உயரவில்லை. அதற்குள் மின்வாரியத்தின் கடன் ஏறத்தாழ 1.6 லட்சம் கோடியைத் தொட்டது. 2022 செப்டம்பரில், இரண்டு மாதத்தில் 500 யூனிட் பயன்படுத்தும் வீட்டின் கட்டணம் 1,130 ரூபாயிலிருந்து 1,725 ரூபாயானது. சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகும் முறையான சொத்து வரிச் சீராய்வு நிலைக்கவில்லை. 2022இல் 25 முதல் 150 விழுக்காடு வரை ஒரேயடியாக உயர்த்தினார்கள். நிதி ஆணையத்தின் நிபந்தனையை அரசு காரணமாகச் சொன்னது. நிபந்தனை இருந்தது உண்மை. அத்தனை ஆண்டு தாமதத்துக்கு அது காரணமாகாது. கட்டட உரிமையாளர் மேல் விழுந்த இந்தச் சுமை வாடகையாகக் குடியிருப்போர் தலையிலும், கடை வரியாகப் பொருளின் விலையிலும் இறங்குகிறது.

நாங்கள் எதை எதிர்க்கவில்லை?

ரேஷன் அரிசி, பள்ளிக் காலை உணவு, பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து, மகளிர் உரிமைத்தொகை ஆகியவை விலைவாசியிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் காக்கின்றன. இவற்றை 'இலவசம்' என்று இகழும் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை. தேவையில்லாதவருக்கும் போகும் சலுகைகளையும், விளம்பரங்களுக்கும் நினைவு மண்டபங்களுக்கும் ஆகும் செலவையுமே குறைக்கச் சொல்கிறோம்.

டாஸ்மாக் வருவாயை நம்பி நலத்திட்டம் நடத்துவதையும் ஏற்க முடியாது. 2024-25இல் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்தது 48,344 கோடி. அதே காலத்தில் உரிமைத்தொகைக்கு ஆண்டுக்கு ஆன செலவு 13,000 கோடிக்குச் சற்று மேல். மனைவியின் வங்கிக் கணக்கில் விழும் உரிமைத்தொகையைவிடக் கணவன் கடையில் கொடுக்கும் பணம் அதிகமாக இருக்கும் வீட்டில், அந்த உதவியால் உலை கொதிக்காது.

எங்கள் கோரிக்கைகள்

1. வருவாய்ப் பற்றாக்குறையை ஒழிக்கும் கெடுவைச் சட்டத்தில் உறுதியாக நிர்ணயிக்க வேண்டும். தவறினால் நிதியமைச்சர் சட்டமன்றத்தில் எழுத்துமூலம் காரணம் கூற வேண்டும்.

2. 2001, 2021 ஆண்டுகளில் ஆட்சி மாறியபின் வந்ததுபோல அல்லாமல், நிதி வெள்ளை அறிக்கை ஆண்டுதோறும் வர வேண்டும். மின்வாரியம், போக்குவரத்துக் கழகங்களின் கடனும் அதில் இடம்பெற வேண்டும்.

3. புதிய திட்டம் எதுவானாலும், அடுத்த ஐந்தாண்டுச் செலவையும் அதற்குப் பணம் வரும் வழியையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும்.

4. மின் கணக்கீட்டை மாதந்தோறும் செய்ய வேண்டும். 2022 கட்டணப்படி 500 யூனிட்டைத் தாண்டி ஒரே ஒரு யூனிட் கூடினாலும் 233 ரூபாய் கூடுதலாகக் கட்ட நேர்ந்தது. இந்தத் தாவல் நீங்க வேண்டும். இரண்டு மாதத்தில் 1,000 யூனிட்டுக்கு மேல் செலவழிக்கும் வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் தேவையில்லை.

5. சொத்து வரியைத் திடீரென ஏற்றாமல், முன்கூட்டியே அறிவித்துச் சிறு அளவில் திருத்த வேண்டும். 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு உயர்விலிருந்து விலக்கு வேண்டும்.

6. மது வருவாயைச் சார்ந்திருக்கும் அளவை ஆண்டுதோறும் குறைக்கும் திட்டம் வேண்டும். பத்திரப்பதிவு, கனிமம், வணிகவரி ஆகியவற்றில் கசியும் வருவாயை மீட்டு அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.

7. செஸ், கூடுதல் வரி ஆகியவற்றில் மாநிலங்களுக்குப் பங்கில்லை என்ற நிலையை ஒன்றிய அரசு மாற்ற வேண்டும். மாநில அரசின் இந்தக் கோரிக்கையை முழுமையாக ஆதரிக்கிறோம். அதே வேளையில், தன் கையில் உள்ளதைச் செய்யாமலிருக்க மாநில அரசு இதைக் காரணமாக்கக் கூடாது.

இந்தக் கோரிக்கைகளை எல்லாக் கட்சிகளிடமும் கொடுத்து எழுத்துமூலம் பதில் கேட்போம். மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக் கூட்டங்களில் எங்கள் வாதங்களை வைப்போம். கணக்குத் தணிக்கை அறிக்கை வந்ததும் அதன் சாரத்தை எளிய தமிழில் ஊர்தோறும் கொண்டு செல்வோம். எந்தக் கட்சி ஆண்டாலும், தங்கள் பெயரில் வாங்கப்படும் கடன் எதற்காக என்று கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு.