ஐம்பது டாலர் எத்தனை ரூபாய்?

எங்கள் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் ஒரு பெண் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்கு வெப்சைட் அமைத்துத் தருகிறாள். போன மாதம் ஒரு துணிக்கடைக்காக, வெளிநாட்டு மென்பொருள் சந்தை ஒன்றில் ஒரு 'ப்ளக்-இன்' வாங்கினாள். விலை 50 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று கணக்குப் போட்டு, கடைக்காரரிடம் 4,500 ரூபாய் வாங்கிக்கொண்டாள். கார்டு ஸ்டேட்மென்ட்டில் வந்தது 5,529 ரூபாய் 30 காசு. 'அங்கிள், மீதி யார் எடுத்தா?' என்று பில்லோடு வந்து நின்றாள்.

உட்கார்ந்து பார்த்தோம். நீங்களும் ஒரு பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 50 டாலர் 59 ஆகிறது. இதில் நியாயம் இருக்கிறது. இங்கே இருப்பவர் விற்றால் வரி, அங்கே இருப்பவர் விற்றால் இல்லை என்றால் உள்ளூர்க்காரன் பிழைப்பு என்னாவது? 2016 டிசம்பரில் சேவை வரியாக ஆரம்பித்து, 2017 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி.யாகத் தொடர்கிறது. வரியோடு எனக்குச் சண்டை இல்லை. அது கடைசிப் பக்கத்தில், கார்டு நம்பர் எல்லாம் அடித்து முடித்த பிறகு தலைகாட்டுகிறதே, அதோடுதான் சண்டை.

'வாங்குபவர் எந்த நாடு என்று முதலிலேயே எப்படித் தெரியும்?' என்பார்கள். சும்மா சொல்கிறார்கள். பில்லிங் முகவரி, கார்டு, கம்ப்யூட்டரின் ஐ.பி. முகவரி என்று சட்டம் ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. அதில் முரண்படாத இரண்டு இந்தியாவைக் காட்டினால் ஆள் இந்தியாவில் இருப்பதாகத்தான் அர்த்தம். ஐ.பி. முகவரி நீங்கள் உள்ளே நுழைந்ததுமே தெரிந்துவிடுகிறது. விளம்பரம் காட்டத் தெரிகிற ஊர், விலை காட்டும்போது மட்டும் மறந்துபோகுமா?

அடுத்தது பாங்க். 59 டாலர், 5,310 ரூபாய். இந்த 90 ரூபாயும் அவள் பட்டனை அழுத்திய நேரத்து விலை அல்ல. கார்டு நெட்வொர்க் கணக்கை முடிக்கும் நாளின் விலை. இந்த முறை அதிர்ஷ்டம், இரண்டும் ஒன்றாக இருந்தன. அதன் மேல் 'மார்க்-அப்' என்று 3.5 சதவிகிதம், 185 ரூபாய் 85 காசு. அந்த மார்க்-அப்புக்கும் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி., 33 ரூபாய் 45 காசு. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

இதில் ஒரு வேடிக்கை. நம் அரசாங்கத்துக்குச் சேரவேண்டிய 810 ரூபாய் வரி, டாலர் வேஷம் கட்டிக்கொண்டு வெளிநாடு போகிறது. அந்தக் கம்பெனி அதை மறுபடி இந்திய அரசுக்கே கட்டுகிறது. இந்த உல்லாசப் பயணத்துக்கு மார்க்-அப் மட்டும் 28 ரூபாய் 35 காசு. அதையும் அந்தப் பெண்தான் கொடுக்கிறாள்.

பாங்குக்கு போன் போட்டேன். 'அது சிஸ்டம் போடறது சார்' என்றார்கள். அந்த சிஸ்டத்தை ஸ்டேட்மென்ட்டில் டாலர் எவ்வளவு, மாற்று விலை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று மூன்று வரி அச்சடிக்கச் சொல்லக் கூடாதா? எல்லாவற்றையும் ஒரே தொகையில் போட்டுக் குழைக்கிறார்கள்.

சில தளங்கள் 'ரூபாயிலேயே கட்டுகிறீர்களா?' என்று அன்பாக விசாரிக்கும். ஏமாறாதீர்கள். அந்த மாற்று விலை அவர்கள் வைத்தது, பெரும்பாலும் மோசமானது. விற்பவர் வெளிநாட்டில் இருந்தால், ரூபாயில் கட்டினாலும் சில பாங்குகள் தனிக் கட்டணம் போடுகின்றன. பொருளைத் திருப்பிவிட்டுப் பணம் வாங்கினாலும் கதை அதேதான்: அன்றைய விலையில் டாலர் ரூபாயாகும், மார்க்-அப் பெரும்பாலும் திரும்பாது.

உங்களிடம் ஜி.எஸ்.டி. நம்பர் இருந்தால் வாங்கும்போதே கொடுத்துவிடுங்கள். விற்பவர் வரி போடமாட்டார். நீங்களே 'ரிவர்ஸ் சார்ஜ்' முறையில் இங்கே கட்டி, தகுதி இருந்தால் வரவு எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் மாதிரி நம்பர் இல்லாதவர்களுக்கு அந்த வழி இல்லை. வரவும் இல்லை.

முடியாத காரியத்தையா கேட்கிறேன்? ஒரு சோப்புக்கட்டியின் மேல் எல்லா வரிகளும் உட்பட என்று விலை போட்டிருக்கிறது. ஐரோப்பாவில் சாதாரண வாடிக்கையாளருக்கு வரி சேர்த்துத்தான் விலை சொல்லவேண்டும். ஆப்பிளும் கூகுளும் செல்போன் ஆப்களுக்கு ரூபாயில் விலை போடுகிறார்கள். மற்றவர்களுக்கு மட்டும் கை வலிக்கிறதா?

அந்தப் பெண் மீதி 1,029 ரூபாயைக் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர், 'ஐம்பது டாலர்னுதானேம்மா சொன்னே?' என்றாராம்.