அடக்கச் சொல்லும் சட்டம்

இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்களை ஒன்றிய ஆட்சியாளர்கள் நான்கு தொகுப்புகளாகச் சுருக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பெண்கள் இனி இரவுப் பணியும் பார்க்கலாம் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறார்கள். அதே கையால் சத்தமில்லாமல் உருவிக்கொண்டதைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை.

தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் நேரம் முழுக்க, எளிதில் போய்வரும் தொலைவில் கழிப்பறை இருந்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 19ஆம் பிரிவு கட்டாயப்படுத்தியது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்துள்ள பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்பின் 23ஆம் பிரிவோ, போதுமான கழிப்பறை ஏற்பாடு குறித்து அரசு விதி வகுக்கலாம் என்பதோடு ஒதுங்கிக்கொள்கிறது. சட்டமே தந்த உரிமை, அதிகாரிகள் நினைத்தால் திருத்தி எழுதக்கூடிய விதியாகிவிட்டது.

இது சின்ன விஷயமா? மீஞ்சூரில் ரயிலேறி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்ட் போகும் பெண்களைக் கேட்டால் தெரியும். பெண்ணின் சிறுநீர்த்தாரை சுமார் 4 சென்டிமீட்டர்தான். குடலில் வாழும் ஈ.கோலை கிருமி எளிதில் ஏறிவிடுகிறது. கர்ப்பம், நீரிழிவு, தாம்பத்திய உறவு, மாதவிடாய் நின்ற பருவம் எல்லாமே நீர்க்கடுப்புக்கு வழி விடுபவைதான். அவற்றுக்கு எந்த ஆலையும் பொறுப்பல்ல. ஆனால் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், மாற்றாள் வரும்வரை அடக்கிக்கொண்டு நிற்பதும் ஆலை தருகிற நோய். அடிக்கடி நீர்க்கடுப்பு வந்துகொண்டிருந்த பெண்கள் தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தபோது தொற்று ஏறக்குறைய பாதியானது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குடித்த தண்ணீரை எங்கே போய்க் கழிப்பது? கவனிக்காமல் விட்டால் தொற்று சிறுநீரகம்வரை ஏறும். கர்ப்பிணிக்குக் குறைப்பிரசவத்தில் முடியலாம்.

இவர்களிடம் இதைத்தான் எதிர்பார்க்க முடியும். 2017இல் சானிட்டரி நாப்கினுக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. விதித்தவர்கள் இவர்கள்தான்; அது தவறென்று உறைக்க ஓராண்டு போராட வேண்டியிருந்தது. சென்னை – கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஒன்றரை மணி நேரம் போகிறவர்களுக்கு ஒரு கழிப்பறை வேண்டும் என்று இவர்களுக்கு இன்றுவரை தோன்றவில்லை. இரவு ஷிப்ட் முடித்து வருகிறவள் ஆலையிலும் அடக்க வேண்டும், ரயிலிலும் அடக்க வேண்டும். முதலாளிகள் முனகினால் மட்டும் உடனே காது கேட்கிறது.

சட்டத்தில் உரிய திருத்தம் வந்தாக வேண்டும். மாநில அரசும் தன் பங்குக்கு வாய் திறக்க வேண்டும். ஒரு பெண் நினைத்த நேரத்தில் சிறுநீர் கழிக்கும் உரிமையைக்கூடக் காப்பாற்றாத தொகுப்பு, பாதுகாப்பு என்றும் சுகாதாரம் என்றும் பெயர் சூட்டிக்கொள்ளத் தகுதியற்றது.