கஞ்சா: மருந்து, குற்றம், சந்தை

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற வினா நம் வளாகங்களில் அடிக்கடி எழுகிறது. ஆதரிப்போர் தனிமனித உரிமையையும் மருத்துவப் பயனையும் முன்வைக்கின்றனர். எதிர்ப்போர் சீரழியும் இளைஞர்களைச் சுட்டுகின்றனர். இரு தரப்பும் ஒன்றையொன்று தொடாமலே பேசி முடிக்கின்றன. ‘சட்டபூர்வமாக்குதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வினாக்கள் அடைபட்டுக் கிடப்பதே இதற்குக் காரணம் என்று கருதுகிறேன். நோயாளிக்கு அதை மருந்தாகக் கொடுக்கலாமா? பயன்படுத்தியவரைக் குற்றவாளியாக்க வேண்டுமா? கடை திறந்து விற்கலாமா? என் விடைகள் முறையே: ஆம், வேண்டாம், இப்போது கூடாது.

மொழியியல் பயின்ற எனக்கு முதலில் உறுத்துவது சொற்களே. ஆய்வுக்காக நான் தங்கியிருக்கும் மட்டாஞ்சேரியில் மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி எனப் பல மொழிகள் ஒரு சில தெருக்களுக்குள் புழங்குகின்றன. ஆனால் எதிர்ப்புப் பதாகைகளில் ஒரே சொல்தான்: ‘லஹரி’. கஞ்சாவும் எம்.டி.எம்.ஏ.வும் அதற்குள் அடக்கம். தமிழில் ‘போதைப்பொருள்’ என்பதும் இவ்வாறே. பொதுச்சொல் எச்சரிக்கைக்கு எளிது. ஆனால் தீங்கின் அளவை அது மறைத்துவிடுகிறது. கஞ்சாவை ஒருமுறை புகைத்துப் பெரிதாக எதுவும் நேராத மாணவர், எம்.டி.எம்.ஏ. குறித்த எச்சரிக்கையும் பொய் என்று முடிவுகட்டக்கூடும்.

2025 மார்ச்சில் கொச்சியை அடுத்த களமசேரி அரசு பாலிடெக்னிக் விடுதியில் நடந்த சோதனையை நினைவுகூர்க. ஓர் அறையில் ஏறத்தாழ 1.9 கிலோ கஞ்சா. மற்றோர் அறையில் பத்து கிராமுக்கும் குறைவு. சட்டம் இவ்விரண்டையும் வேறுபடுத்தியது. நம் பேச்சு வேறுபடுத்தவில்லை. இரண்டும் ஒரே ‘லஹரி வேட்டை’ ஆயின.

சட்டமும் சொற்களால் ஆனதே. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளைக் கஞ்சா என்கிறது; பிசினைச் சரஸ் என்கிறது. நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வரவில்லை. ஆகவேதான் ஒரே செடியின் இலையிலிருந்து செய்யும் பாங்கை உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமம் பெற்ற கடையில் வாங்கலாம். பூவை வைத்திருந்தால் சிறை. இந்த எல்லைக்கோடு ஓரளவு வீரியத்தின் வேறுபாட்டைச் சார்ந்தது. ஓரளவு 1961ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இலைக்குக் கிடைத்த விலக்கைச் சார்ந்தது. இயற்கை வரைந்த கோடன்று அது. மனிதர் பேசி முடிவு செய்தது. ஆகவே மீண்டும் பேசலாம்.

இனி முதல் வினா. மருத்துவப் பயன்பாடு பற்றிய விவாதத்தில் கனடாவையும் கலிஃபோர்னியாவையும் எடுத்துக்காட்டுகிறோம். நமக்கு வேண்டிய பாடம் கோழிக்கோட்டில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடை செய்யவில்லை. ஆனால் அதன் உரிம நடைமுறைகளுக்கும் தண்டனைகளுக்கும் அஞ்சி மருத்துவமனைகள் மார்ஃபினைக் கைவிட்டன. 1997க்குள் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் வீழ்ந்தது. புற்றுநோயாளிகள் வலியோடு இறந்தனர். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் இந்நிலையை மாற்ற முனைந்தது. மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் உடனிருந்தோரும் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறுவோருக்கு மார்ஃபின் கொடுத்தனர். இரண்டாண்டுகளில் 1,723 நோயாளிகள். முறைகேடாகவோ கள்ளச்சந்தைக்கோ மருந்து சென்றதாக ஒரு நிகழ்வுகூடக் கண்டறியப்படவில்லை என்று 2001இல் லான்செட் இதழில் அவர்கள் எழுதினர். 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, இன்றியமையாப் போதை மருந்துகளுக்கான உரிம முறையை எளிமையாக்கியது.

கஞ்சாவைவிடப் பன்மடங்கு ஆபத்தான ஒரு பொருளைக் கண்காணிப்போடு நோயாளியின் கையில் கொடுக்க முடியும் என்று கேரளம் நிறுவியிருக்கிறது. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு கஞ்சாவுக்கும் மருத்துவ, அறிவியல் விலக்கை வைத்திருக்கிறது. ஜம்முவிலுள்ள மத்திய ஆய்வு நிறுவனம் ஒன்றில் மருத்துவக் கஞ்சா ஆய்வு நடைபெறுகிறது. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியபோது இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஆகவே கதவு பூட்டியிருக்கவில்லை. தள்ளித் திறப்பார் இல்லை.

மருத்துவப் பயன் என்பதையும் அளந்தே பேச வேண்டும். சிலவகை அரிய வலிப்பு நோய்களுக்குக் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியால் மருந்துக்கு 2018இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. வேதிச்சிகிச்சையால் வரும் குமட்டல், நாட்பட்ட வலி, தண்டுவட மரப்பு நோயின் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குச் சான்றுகள் உள்ளன. புற்றுநோயைக் கஞ்சா எண்ணெய் குணமாக்கும் என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. ‘கோரக்கர் மூலி’ என்று சித்த மரபு அழைப்பதும் ‘விஜயா’ என்று ஆயுர்வேதம் அழைப்பதும் ஆய்வைத் தொடங்கப் போதுமான காரணங்கள், ஆய்வுக்கு மாற்றல்ல. 2018இல் சசி தரூர் சட்டபூர்வமாக்கலை ஆதரித்து எழுதியபோது ‘பாங்கின் நாடு’ என்ற மரபையும் துணைக்கு அழைத்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கள்ளும் நம் மரபுதான். மரபு எதையும் பாதுகாப்பானதாக்கிவிடுவதில்லை.

தீங்கும் உண்மையானதே. வீரியம் மிகுந்த கஞ்சாவை நாள்தோறும் பயன்படுத்துவோருக்கு மனப்பிறழ்வு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஓர் ஆய்வு 2019இல் காட்டியது. 1893-94ஆம் ஆண்டின் இந்தியக் கஞ்சா ஆணையம், மிதமான பயன்பாடு பெருந்தீங்கு விளைப்பதில்லை என்று சொன்னதை ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டுவர். மனநலக் காப்பகப் பதிவேடுகளில் ‘காரணம்: கஞ்சா’ என்றிருந்த பதிவுகள் பல, முறையான விசாரணையின்றி எழுதப்பட்டவை என்று அந்த ஆணையம் கண்டதும் முக்கியமே. ஆயினும் அன்றைய கஞ்சாவும் இன்றைய கஞ்சாவும் வீரியத்தில் ஒன்றல்ல.

தீங்கு உண்டு என்பதால் பயன்படுத்துபவரைத் தண்டிக்கலாமா? இது இரண்டாம் வினா. சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி கஞ்சா புகைத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை. ‘சிறு அளவு’ என்பது ஒரு கிலோ வரை. அதை வைத்திருந்தால் ஓராண்டு வரை. ஐந்து கிராம் வைத்திருந்த மாணவரும் 900 கிராம் வைத்திருந்த விற்பனையாளரும் ஒரே வகுப்பில் அடங்கக்கூடும். 64அ பிரிவு ஒரு வாசலைத் திறக்கிறது: அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு. ஆனால் எப்போதாவது புகைத்தவர் அடிமையல்லர். எனவே அவருக்கு அந்த வாசல் இல்லை. நோய் முற்றியவருக்குச் சட்டம் காட்டும் கருணை, நோயே இல்லாதவருக்குக் கிடைப்பதில்லை.

என் விடுதி நாட்களில் அறிந்த ஒருவர் தூக்கமிழந்து, யாரோ தம்மைப் பின்தொடர்வதாக நம்பத் தொடங்கிய பின்னரும் மருத்துவரிடம் செல்ல மறுத்தார். ‘என்ன புகைத்தாய் என்று கேட்பார்கள், எழுதி வைப்பார்கள்’ என்பதே அவர் அச்சம். தண்டனை அவரைக் கஞ்சாவிலிருந்து விலக்கவில்லை, சிகிச்சையிலிருந்துதான் விலக்கியது. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய மையம் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி கஞ்சா, பாங்கு ஆகியவற்றைப் பயன்படுத்துவோர் 3.1 கோடி, அவர்களுள் 72 லட்சம் பேருக்கு உதவி தேவை. இத்தனை பேரும் முதலில் காவல்நிலையத்தை எண்ணி அஞ்சுவார்களானால் ‘விமுக்தி’ போன்ற மீட்புத் திட்டங்கள் எவரைச் சென்றடையும்? தனிப்பட்ட பயன்பாட்டுக்கான சிறிய அளவைக் குற்ற நீக்கம் செய்யலாம் என 2021இல் சமூகநீதி அமைச்சகமே பரிந்துரைத்தது. குற்ற நீக்கம் என்பது அனுமதியாகாது. போர்ச்சுகல் 2001 முதல் பயன்படுத்துவோரை நீதிமன்றத்துக்கு மாறாக ஆலோசனைக் குழுவிடம் அனுப்புகிறது. விற்பது அங்கே இன்றும் குற்றம்தான்.

மூன்றாம் வினாவில் நான் எதிர்த்தரப்போடு நிற்கிறேன். அரசு ஒரு போதைப்பொருளை விற்கத் தொடங்கினால் என்ன நிகழும் என்பதற்கு நம்மிடம் இரண்டு சான்றுகள் உள்ளன. தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். கேரளத்தில் 1984இல் தொடங்கிய பிவரேஜஸ் கழகம். இரு மாநிலங்களும் விழிப்புணர்வுப் பேரணியை ஒரு கையாலும் மது வருவாயை மறு கையாலும் நடத்துகின்றன. அந்த வருவாயைக் கைவிட எந்தக் கட்சிக்கும் துணிவு வந்ததில்லை. தனியார் சந்தையும் விடையன்று. தாய்லாந்து 2022 ஜூனில் முறையான விதிகள் இன்றிக் கதவைத் திறந்தது. ஆயிரக்கணக்கில் கடைகள் பெருகின. 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு கட்டாயம் என்று பின்வாங்கியது.

‘குற்ற நீக்கம் செய்துவிட்டு விற்பனையைத் தடுத்தால், பயன்படுத்துபவர் கள்ளச்சந்தையில்தானே வாங்குவார்?’ என்பது நேர்மையான மறுப்பு. ஆம், அந்த முரண் இருக்கும். ஜெர்மனி 2024இல் மூன்று செடிவரை வீட்டில் வளர்க்க அனுமதித்து அதைத் தீர்க்க முயன்றது. நம் நிலைக்கு அது பொருந்துமா என்பதைப் பின்னர் பேசலாம். இரண்டு தீமைகளுள், முரணுள்ள சட்டத்தைவிட இருபது வயதில் குற்றவாளியாகும் மாணவரே எனக்குப் பெரிதாகத் தெரிகிறார்.

சட்டம் மாற நாளாகும். நம் பல்கலைக்கழகங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. உதவி கேட்டு வரும் மாணவரின் பேச்சு ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புக்குச் செல்லாது என்று ஒவ்வொரு துறையும் எழுத்தில் உறுதியளிக்கலாம். 64அ பிரிவை விடுதிப் பலகையில் தாய்மொழியில் ஒட்டலாம். உங்கள் வளாகத்தில் இவற்றுள் எது நடைமுறையில் இருக்கிறது என்பதை எழுதுங்கள்.