ஒத்து ஊதக் கற்போம்

"அவனா? ஒத்து ஊதுகிறவன்!" என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அது புகழ்ச்சி ஆகாது. தனக்கென ஒரு கருத்தில்லாதவன், பெரிய மனிதர் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவன் என்பதே நாம் கொள்ளும் பொருள். ஆனால் அந்தச் சொல் பிறந்த இடம் நாகசுர மேளம். நாகசுரக்காரரின் அருகே நின்று, தொடக்கம் முதல் முடிவு வரை மூச்சு விடாமல் ஒரே சுருதியை ஊதிக்கொண்டிருப்பவரே ஒத்துக்காரர். அவருக்குக் கைதட்டல் இல்லை. தங்கப் பதக்கம் இல்லை. ஆயினும் அவர் தவறினால் மேளம் முழுவதும் ஆட்டம் கண்டுவிடும். இன்று பல மேளங்களில் அவருடைய இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. சொல் மட்டும் வசையாக நம் வாயில் தங்கிவிட்டது.

பிறரோடு சேர்ந்து ஒலிப்பதை இழிவாகவும், தனித்து ஒலிப்பதை மட்டுமே பெருமையாகவும் கருதும் மனப்பான்மை நம்மிடையே வேரூன்றிவிட்டது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதிய சான்று. இசை கற்பிக்கும் நிறுவனம் ஒன்றைப் பார்த்து, "எத்தனை மேதைகளை உருவாக்கினாய்?" என்று நாம் கேட்கிறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. மாணவர்களைச் சேர்ந்து இசைக்கப் பழக்கினாயா? ஊரார் கேட்கும் அரங்கில் அவர்களை நிறுத்தினாயா? ஊரிலுள்ள கலை அமைப்புகளோடு கைகோத்தாயா? இம்மூன்றுமே ஓர் இசைக்கல்லூரியின் உயிர் என்பது என் துணிபு. வரலாறு பயிலும் மாணவனாகிய நான் இதற்குச் சான்று தேடியபோது என் கைக்குக் கிடைத்தது ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து இசைக்கல்லூரியின் வரலாறு.

லைப்சிக் தமிழர்க்கு முற்றிலும் அயலான ஊர் அன்று. நம் நாட்டுக்கு வந்து தமிழ் பயின்று சென்ற கார்ல் கிரவுல் என்னும் அறிஞர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856-ஆம் ஆண்டில் வெளியிட்டது அந்நகரில்தான். நம் குறள் அங்கே அச்சேறிய போது அவ்வூர் இசைக்கல்லூரிக்கு வயது 13.

அங்கே கல்லூரிக்கு முன்னரே அரங்கு பிறந்துவிட்டது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். ஐரோப்பாவில் சிறந்த வாத்தியக் குழுக்கள் பெரும்பாலும் அரசவைகளை அண்டி வாழ்ந்த காலம் அது. அரசவை இல்லாத வணிக நகரமாகிய லைப்சிக்கிலே 1743-ஆம் ஆண்டில் பிரபுக்களும் வணிகருமாக 16 பேர் கூடி, தம் சொந்தப் பணத்தில் 16 கலைஞர்களைக் கொண்ட குழு ஒன்றை அமைத்தனர். விரைவில் அக்குழு ஒரு விடுதியில் கச்சேரி நடத்தலாயிற்று. 1781-இல் துணி வணிகர்களின் மண்டபத்து மாடிக்குக் குடிபெயர்ந்தது. 'கெவாண்ட்ஹவுஸ்' என்ற அந்த மண்டபத்தின் பெயருக்குத் துணி மாளிகை என்பதே பொருள். உலகப் புகழ் பெற்ற ஒரு வாத்தியக் குழு இன்றளவும் துணிக்கடையின் பெயரைத் தாங்கி நிற்கிறது! ஊர் மக்கள் தம் இசையைத் தாமே தாங்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

அக்குழுவின் தலைமையை 1835-இல் ஏற்றபோது பெலிக்ஸ் மெண்டல்சனுக்கு வயது 26. நடத்துநராக மட்டும் அவர் நின்றுவிடவில்லை. குழுவில் வாசித்த எளிய கலைஞர்களின் ஊதியம் உயர வேண்டும் என்று நகரத்தாரிடம் வாதாடினார். அதே நகரில் வாழ்ந்து மறைந்த பாக் என்னும் மாமேதைக்கு நினைவுச்சின்னம் எழுப்ப விரும்பி, 1840-இல் தாமே ஆர்கன் வாசித்துக் கச்சேரி நடத்தி நிதி திரட்டினார். அவ்வாண்டிலேயே இன்னொரு முயற்சியிலும் இறங்கினார். ஹைன்ரிஷ் புளூம்னர் என்ற பெருந்தகை இறக்கும்போது, கலைக்கோ அறிவியலுக்கோ பயன்படுமாறு 20,000 தாலர் பணத்தைச் சாக்சனி அரசர் வசம் விட்டுச் சென்றிருந்தார். அதைக் கொண்டு இசைக்கல்லூரி ஒன்று அமைக்க வேண்டும் என்று மெண்டல்சன் எழுதினார். அவர் கேட்டபடியே 1843 ஏப்ரல் 2-ஆம் நாள் கல்லூரி திறக்கப்பட்டது.

எங்கே திறக்கப்பட்டது என்பதுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு மாளிகையில் அன்று; கச்சேரி நடக்கும் அதே கெவாண்ட்ஹவுஸின் முற்றத்தில். வாத்தியக் குழுவின் முதல் வயலின் கலைஞர் பெர்டினாண்ட் டேவிட்தான் கல்லூரியில் வயலின் ஆசிரியர். ராபர்ட் ஷூமன் பியானோவும் இசையமைப்பும் கற்பித்தார். காலையில் வகுப்பில் பாடம் சொன்னவர், மாலையில் மேடையில் அப்பாடத்தைச் செய்து காட்டினார். குழுவின் ஒத்திகைகளுக்கு மாணவர்கள் கட்டணமின்றிச் சென்று கேட்கலாம் என்ற வசதியும் இருந்தது.

கச்சேரியை விட்டுவிட்டு ஒத்திகையைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். கச்சேரியில் நாம் கேட்பது சமைத்து இலையில் பரிமாறிய சாப்பாடு. ஒத்திகையிலோ அடுப்பங்கரையே தெரிகிறது. ஓரிடத்தில் குழல்கள் முந்திவிட்டன என்று நடத்துநர் நிறுத்துகிறார். மறுபடி வாசிக்கச் சொல்கிறார். இப்போது தந்திகள் உரத்துவிட்டன, மறுபடியும் நிறுத்துகிறார். பேர்பெற்ற கலைஞரும் திருத்தப்படுகிறார், திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறார் என்பதை மாணவன் கண்ணால் காண்கிறான். இதைவிடப் பெரிய பாடம் எந்த வகுப்பறையில் கிடைக்கும்?

இக்கூட்டுறவின் விளைவுகளுள் இரண்டை மட்டும் இங்கே கூறுகிறேன். மெண்டல்சன் வயலினுக்கென அமைத்த புகழ்பெற்ற கான்செர்ட்டோ 1845 மார்ச் 13-இல் கெவாண்ட்ஹவுஸில் அரங்கேறியது. அதை வாசித்தவர் டேவிட். அதை அமைக்கும்போதே மெண்டல்சன் அவரிடம் மீண்டும் மீண்டும் யோசனை கேட்டார். இசையமைத்தவர் மேதைதான், ஆனாலும் விரல் எங்கே போகும், வில் எங்கே திரும்பும் என்பதை வாசிப்பவரிடம் கேட்டறிய அவர் நாணவில்லை.

மற்றொன்று ஜோசப் யோவாகிம் என்ற சிறுவனின் கதை. 12 வயதில் லைப்சிக்குக் கற்க வந்த அவன், மறு ஆண்டே மெண்டல்சன் நடத்த லண்டனில் பீத்தோவனின் வயலின் கான்செர்ட்டோவை வாசித்து அந்நகரையே வியக்க வைத்தான். நம் ஊராயிருந்தால் அதற்குப் பிறகு அவனைக் கூட்டத்தோடு உட்கார விட்டிருப்போமா? சுவரொட்டி அச்சடித்து ஊர் ஊராக அழைத்துப் போயிருப்போம். அவனோ லைப்சிக்கில் தங்கி, வாத்தியக் குழுவில் டேவிட்டின் பக்கத்தில் அமர்ந்து பலரோடு ஒருவனாக வாசித்தான். பின்னாளில் பெர்லினில் இசைக்கல்லூரிக்குத் தலைமை தாங்கியதும், நால்வர் குழு அமைத்துப் புகழ் பெற்றதும் அந்த யோவாகிம்தான்.

சேர்ந்து வாசிப்பது எளிதென்று எண்ணிவிட வேண்டா. ஓபோ என்னும் குழல் தரும் ஒரு சுரத்துக்கு அத்தனை கருவிகளும் சுருதி சேர்க்கின்றன. ஒரே பிரிவில் உள்ள வயலின்களின் வில்கள் ஒரே திசையில் செல்ல வேண்டும். எக்காளம் ஊதுபவர் நூறு தாளத்துக்கு மேல் சும்மா இருந்து எண்ணிக்கொண்டே வந்து, தன் முறை வரும் அந்த ஒரு கணத்தில் ஊத வேண்டும். இரண்டாம் வயலின்காரருக்குப் பெரும்பாலும் பாட்டின் முகப்பு கிடைப்பதில்லை. நடுச்சுவரைத் தாங்கும் வேலையே கிடைக்கிறது. காத்திருத்தல், கேட்டல், விட்டுக்கொடுத்தல் என்ற மூன்று பண்புகளையும் இதைப்போல் கற்பிக்கும் கல்வி வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் லைப்சிக்கை அப்பழுக்கற்ற சொர்க்கமாகக் காட்டுவது என் நோக்கமன்று. 1847-இல் 38 வயதிலேயே மெண்டல்சன் மறைந்தார். அதற்குப் பின் கல்லூரி அவர் காலத்து முறைகளையே இறுகப் பற்றிக்கொண்டது. 15 வயதில், 1858-இல் நார்வேயிலிருந்து அங்கே படிக்க வந்த எட்வர்ட் கிரீக், அக்கல்லூரியின் வறட்டுப் பயிற்சியைப் பிற்காலத்தில் கடுமையாகக் குறை கூறினார். அதே கிரீக், ஷூமனின் பியானோ கான்செர்ட்டோவை ஷூமனின் மனைவி கிளாரா வாசிக்க லைப்சிக்கில்தான் கேட்டார். வகுப்பறை தராததை அரங்கு தந்தது. 1877-இல் இங்கிலாந்திலிருந்து வந்த எதல் ஸ்மித் என்ற பெண்மணி ஓராண்டிலேயே கல்லூரியை விட்டு விலகித் தனியே கற்கச் சென்றார். இறந்தவர் வைத்த சுருதியையே என்றும் ஊதிக்கொண்டிருந்தால் 'ஒத்து ஊதுதல்' உண்மையிலேயே வசையாகிவிடும்.

அதைவிடக் கொடிய ஒத்து ஒன்றையும் அந்நகரம் ஊதியது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தவுடன், யூதர் என்ற ஒரே காரணத்தால் நடத்துநர் புரூனோ வால்ட்டர் கெவாண்ட்ஹவுஸில் கச்சேரி நடத்தவிடாமல் தடுக்கப்பட்டார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர் மெண்டல்சன். 1936 நவம்பரில் கெவாண்ட்ஹவுஸின் முன் நின்ற அவருடைய சிலையையே பெயர்த்தெறிந்தார்கள். வெளியூர் சென்றிருந்த மேயர் கார்ல் கோர்டலர், தாம் இல்லாத வேளையில் நடந்த இக்கொடுமையை எதிர்த்துப் பதவி விலகினார். ஹிட்லரை எதிர்த்த குற்றத்துக்காக 1945-இல் உயிரையும் கொடுத்தார். எல்லாரும் ஒரே சுருதியில் ஒலித்த வேளையில் அது தவறான சுருதி என்று சொன்ன மனிதர் அவர்.

ஆகவே சேர்ந்து இசைத்தல் என்பது கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவதன்று. நன்றாகக் கேட்கப் பழகிய காதுக்குத்தான் சுருதி பிசகுவது முதலில் தெரியும். 1989 அக்டோபர் 9-ஆம் நாள், ஆட்சியை எதிர்த்து லைப்சிக் வீதிகளில் 70,000 பேர் திரண்டபோது, இரு தரப்பும் வன்முறை தவிர்க்க வேண்டும் என்று ஒலிபெருக்கிகளில் வேண்டுகோள் விடுத்த அறுவருள் ஒருவர் கெவாண்ட்ஹவுஸின் நடத்துநர் குர்ட் மசூர். அன்று துப்பாக்கி வெடிக்கவில்லை. பின்னர் பொதுமக்கள் கூடி விவாதிக்கக் கெவாண்ட்ஹவுஸின் கதவுகளே திறக்கப்பட்டன. 1972 முதல் கல்லூரி மெண்டல்சனின் பெயரைத் தாங்குகிறது. 2008-இல் அவர் சிலையின் மறுவார்ப்பும் நகரில் நிறுவப்பட்டது.

"அது மேல்நாட்டு வாத்தியக் குழு; நம் இசை மனோதர்மம் கொண்டது, தனி மனிதரின் கற்பனையில் வாழ்வது" என்று நம் இசையன்பர்கள் சொல்வார்கள். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாடகர் எடுத்த ராகத்தை நிழல் போலத் தொடரும் வயலினும், பாட்டின் போக்கறிந்து அடக்கி வாசிக்கும் மிருதங்கமும் கேட்டல் என்ற கல்வியினால் அல்லவா விளைந்தவை? ஆண்டுதோறும் திருவையாற்றில் புகழ் பெற்ற வித்துவான்களும் இளங்கலைஞர்களும் ஒன்றாக அமர்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறார்களே, அது சேர்ந்திசை அன்றி வேறென்ன? நம்மிடம் இல்லாத ஒன்றை இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. இருப்பதை மதிக்கச் சொல்கிறேன்.

இனி நம் வீட்டுச் செய்திக்கு வருவோம். நம்முடையது கலைக்கல்லூரி, இசைக்கல்லூரி அன்று. ஆயினும் நமக்கும் நுண்கலை மன்றம் உண்டு, விழா உண்டு, மேடை உண்டு. அம்மேடையில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட வரும் ஐவர், அன்று காலையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். ஐவரும் ஐந்து சுருதியில் தொடங்கி, முடிவில் எப்படியோ ஓரிடத்தில் சந்திக்கிறார்கள். தனிப்பாட்டுப் போட்டிக்கோ ஒரு மாதம் வீட்டில் பயிற்சி நடக்கிறது. பரிசு எங்கே இருக்கிறதோ அங்கேதான் உழைப்பும் இருக்கும்.

ஆதலால் மன்றத்தாரின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, தனிப்பாட்டுக்குத் தரும் அதே மதிப்புள்ள பரிசைக் குழு இசைக்கும் தர வேண்டும். ஒரு மாதமாவது கூடிப் பயின்ற குழுவையே மேடையேற்ற வேண்டும். இரண்டாவது, அரசின் மாவட்ட இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் தேவாரமும் பயிலும் பிள்ளைகள் பலர் நம் வயதினரே. விழாவன்று மங்கல இசைக்கு அழைத்து, ஒரு துண்டைப் போர்த்தி அனுப்பிவிடாமல், ஆண்டு முழுவதும் அவர்களோடு சேர்ந்து பயில வழி செய்ய வேண்டும். அவர்கள் ஒத்திகையை நாம் சென்று கேட்கலாம். நம் தமிழ்த்துறைப் பேராசிரியர்கள் அவர்களுக்குத் தேவாரத்தின் பொருள் நலத்தை எடுத்துரைக்கலாம். மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு மாலையேனும் கல்லூரி வாயிலைத் திறந்துவிட்டு, கடைத்தெரு வணிகரும் பேருந்து நிலையத் தொழிலாளியும் நம் பெற்றோரும் வந்து அமர்ந்து கேட்கும்படி மைதானத்தில் கச்சேரி நடத்த வேண்டும். அழைப்பிதழ் வேண்டா; கட்டணம் வேண்டா; முன்வரிசைச் சோபாக்களும் வேண்டா.

இவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. நேரமும் மனமும் போதும். படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன்: நாளை நாம் அலுவலகத்திலோ பள்ளியிலோ வயலிலோ பணியாற்றும்போது, தனியாக நின்று வெல்லும் வேலை ஒன்றுகூட இராது. அடுத்தவர் சொல்வதைக் கேட்டு, நம் முறை வரும்போது நம் பங்கைச் செம்மையாகச் செய்யும் பயிற்சியைத் தராத கல்வி அரைக்கல்வியே.

மாணவத் தோழர்களே! ஒத்து ஊதுவது இழிவன்று. எந்தச் சுருதிக்கு ஊதுகிறோம் என்று அறியாமல் ஊதுவதே இழிவு. சுருதி அறிந்து, சேர்ந்து ஊதக் கற்போம்.