பைக்குக்கு சர்வீஸ் உண்டு, பிள்ளைக்கு?

புது பைக் வாங்கினால் ஃப்ரீ சர்வீஸ் கூப்பன் தர்றாங்க. தத்துக் குழந்தையை வீட்டுக்கு அழைத்து வரும் பெற்றோருக்கு என்ன தர்றாங்க? (குழந்தையைப் போய் பைக்கோட ஒப்பிடலாமான்னு சண்டைக்கு வராதீங்க. காமர்ஸ் படிக்கிறவனுக்கு வர்ற உதாரணம் அப்படித்தான்.)

முன்னாடி நடக்கிறதில் குறையே இல்லை. காராவில் பதிவு, வீட்டு ஆய்வு, வருமானச் சான்று, மருத்துவச் சான்று, அப்புறம் வருஷக்கணக்கில் காத்திருப்பு. குழந்தை கைக்கு வந்த பிறகு? 2022 தத்தெடுப்பு விதிகளின்படி ஆறு மாதத்துக்கு ஒரு அறிக்கை, இரண்டு வருஷத்துக்கு. ஆக மொத்தம் நாலு. எங்க பாஷையில் இதுக்குப் பேர் ஆடிட்.

கணக்கு பார்க்க வர்றவரிடம் யாராவது கஷ்டத்தைச் சொல்வாங்களா? ஆறு வயதுப் பிள்ளை ராத்திரி அலறுது, தலையணைக்கடியில் சப்பாத்தியை ஒளிச்சு வைக்குது, "நீ என் அம்மா இல்லை"ன்னு கத்துது. காப்பகத்தில் வளர்ந்த குழந்தை இப்படி இருப்பது அதிசயமே இல்லை. சில சமயம் வேறு மாநிலத்துப் பிள்ளையாக இருக்கும், பாஷையே புரியாது. ஆனா இதையெல்லாம் சொன்னா "இவங்களுக்கு வளர்க்கத் தெரியலை"ன்னு எழுதிடுவாங்களோ, பிள்ளையைத் திருப்பி வாங்கிடுவாங்களோன்னு பயம். அதனால் காப்பி கொடுத்து, சிரிச்சு, அனுப்பி வெச்சிடறாங்க. அறிக்கையில் எல்லாம் நலம்!

லீவு விஷயம் இன்னும் காமெடி. 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது, தத்தெடுக்கும் தாய்க்கு 12 வாரம் என்றார்கள். எப்போ? குழந்தைக்கு மூணு மாசம் நிறையாமல் இருந்தால். ஆனால் கண்டெடுக்கப்பட்ட கைக்குழந்தையின் பெற்றோரைத் தேட சட்டமே இரண்டு மாசம் வரை ஒதுக்குது. ஒப்படைக்கப்பட்ட குழந்தை என்றால், பெற்றவர் மனம் மாற 60 நாள். பொருத்தம் பார்ப்பதெல்லாம் அதுக்கப்புறம்தான். அந்த லீவை வாங்கினவங்க எத்தனை பேர் இருக்க முடியும், நீங்களே கூட்டிக் கழிச்சுப் பாருங்க. இதைக் கேட்க 2021-ல் ஒரு தாய் உச்ச நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

சொந்தக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. பெத்தவளுக்குப் பத்தியச் சோறு, லேகியம், மூணு மாசம் அம்மா வீடு. இவளுக்கு? "நீதான் பெக்கலையே, உனக்கென்ன அலுப்பு?"

2019-ல் ஒரு ஆர்.டி.ஐ. பதிலில் வெளிவந்த கணக்கு: முந்தைய ஐந்து வருஷத்தில் சுமார் 1,100 குழந்தைகள் காப்பகத்துக்கே திரும்பியிருக்காங்க. இரண்டாவது தடவை கைவிடப்பட்டவங்க. உடனே "ஈவு இரக்கமில்லாத பெற்றோர்"ன்னு திட்டுறோம். சிலர் அப்படித்தான் இருந்திருப்பாங்க, மறுக்கலை. ஆனா மத்தவங்க தடுமாறின அந்த முதல் மாசத்தில் யார் கூட இருந்தாங்க?

வீட்டு ஆய்வை இன்னும் கறாராகச் செய்தால் போதும்னு ஒரு கட்சி சொல்லுது. நீச்சல் தெரியுமான்னு கரையில் நின்னு கேட்கிற கதை அது. வேண்டியது, அறிக்கை எழுதுகிறவர் வேறு, உதவுகிறவர் வேறு என்ற பிரிவு. உதவ வர்றவர் ஆறாவது மாசம் அல்ல, முதல் வாரமே வரணும். ஏற்கெனவே தத்தெடுத்து வளர்த்த ஒரு அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் ரொம்ப நல்லது. அவரிடம் சொன்னது எந்த ஃபைலுக்கும் போகக் கூடாது.