நடக்க உரிமை உண்டு. பாதைக்குப் பொறுப்பு யார்?

ஸ்காட்லாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கேலோவே பகுதியை அந்நாட்டின் மூன்றாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கும் திட்டத்தை ஸ்காட்லாந்து அரசு 2025 மே 29 அன்று கைவிட்டது. ஊரக விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் மைரி கூஜன் கூறிய காரணம், உள்ளூரில் போதிய ஆதரவு இல்லை என்பதே. நேச்சர்ஸ்காட் என்னும் அரசு சார் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு நடத்திய கருத்துக்கேட்பில் 54 விழுக்காட்டினர் எதிர்ப்பும் 42 விழுக்காட்டினர் ஆதரவும் தெரிவித்திருந்தனர். ஐந்து பகுதிகள் போட்டியிட்டதில், 2024 ஜூலையில் கேலோவே தெரிவானது. பத்தே மாதங்களில் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்த முடிவு சரியா, தவறா என்ற வாதத்தில் ஒரு கேள்வி ஓரமாக ஒதுங்கிப் போயிற்று. அப்பகுதியின் ஏரிகளையும் காடுகளையும் குன்றுகளையும் இணைக்கும் நடைபாதைகளை இனி யார் பேணுவது என்பதே அது.

கேலோவே பலரும் அறியாத நிலம். 'லாக்' என அங்கே அழைக்கப்படும் ஏரிகள் இங்கு ஏராளம்: லாக் ட்ரூல், லாக் டூன், லாக் கென். 843 மீட்டர் உயரமுள்ள மெரிக், தெற்கு ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த சிகரம். அதன் அடிவாரத்தில்தான் 1307இல் ராபர்ட் புரூஸின் சிறுபடை ஆங்கிலேயரை முறியடித்தது. இங்குள்ள வனப் பூங்கா, வானியல் ஆர்வலர்களுக்காக இரவின் இருளைப் பேணும் பிரிட்டனின் முதல் பகுதியாக 2009இல் அங்கீகாரம் பெற்றது. மேற்குக் கடற்கரையையும் கிழக்குக் கடற்கரையையும் இணைக்கும் 344 கிலோமீட்டர் நீளமுள்ள தென் மேட்டுநிலப் பாதை இந்தப் பகுதியினூடாகவே செல்கிறது. 1984இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் நடப்போர் குறைவு. வடக்கே லாக் லோமண்ட் ஏரிக்கரை வழியாகச் செல்லும் மேற்கு ஹைலேண்ட் பாதையிலோ கூட்டம் அலைமோதுகிறது.

நடப்பவருக்கு ஸ்காட்லாந்து அளவுக்குத் தாராளமான சட்டம் ஐரோப்பாவிலேயே சில நாடுகளில்தான் உண்டு. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்புடன் நடந்துகொள்ளும் எவரும் ஏறத்தாழ எல்லா நிலங்களிலும் நீர்நிலைகளிலும் நடக்கவும், மிதிவண்டி ஓட்டவும், கூடாரம் அமைத்து இரவு தங்கவும் உரிமை தந்தது. வீட்டை ஒட்டிய தோட்டமும் பயிர் நிற்கும் வயலும் விதிவிலக்கு. எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தில் டார்ட்மூர் என்னும் ஒரே பொதுநிலத்தில் கூடாரமிடும் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. தீர்ப்பு வந்தது 2025 மே மாதத்தில்தான். அந்த உரிமை ஸ்காட்லாந்தில் இருபது ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. இது சும்மா கிடைத்துவிடவில்லை. 1847இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், மாணவர்களோடு செடி கொடி தேடிச் சென்ற எடின்பரோ தாவரவியல் பேராசிரியரை ஆதால் பிரபு வழிமறித்தார். அந்த வழக்கிலிருந்து தொடங்கினால் சட்டம் வர ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

ஆனால், இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் தன் எல்லைக்குள் 'மையப் பாதைகள்' எனச் சிலவற்றைப் பட்டியலிட்டுத் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது அது. பட்டியலிட்ட பின் அவற்றைச் சீரமைப்பது, தடைகளை நீக்குவது, வழிகாட்டிப் பலகை வைப்பது ஆகியவற்றை உள்ளாட்சி அமைப்பு 'செய்யலாம்' என்று மட்டுமே 19ஆம் பிரிவு கூறுகிறது. 'செய்ய வேண்டும்' என்று கூறவில்லை. இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. நடக்கும் உரிமை குறுகியது. ஆயினும் பொதுவழி எனப் பதிவான பாதைகளில் பெரும்பாலானவற்றைப் பராமரிப்பது அங்கே சட்டபூர்வக் கடமை. எங்கும் நடக்கலாம் என்று சொன்ன நாடு பாதையை யாரிடமும் ஒப்படைக்கவில்லை. நிதி நெருக்கடியில் உள்ள உள்ளாட்சி அமைப்பு முதலில் கைவைப்பது 'செய்யலாம்' என்ற தலைப்பில் உள்ள செலவுகளில்தான்.

சமவெளியில் இது பெரிய பாதகமில்லை. கேலோவேயின் மண் வேறு விதமானது. மெரிக் மலைக்குக் கிழக்கே உள்ள சில்வர் ஃப்ளோ, ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்பு நிலம்; சுற்றிலும் மழை நீரை உறிஞ்சி வைத்திருக்கும் கரிச்சேறு. பாதை சேறானால் நடப்பவர் ஓரமாக ஒதுங்குகிறார். அடுத்தவர் அதற்கும் அப்பால் ஒதுங்குகிறார். ஒற்றையடிப் பாதை சில ஆண்டுகளில் அகன்ற புண்ணாகி, மழைநீர் அதையே ஓடையாக்கிக்கொள்கிறது. கல் பதித்து, குறுக்கு வடிகால் அமைத்தால் தடுக்கலாம். உயரமான இடங்களுக்குக் கல்லை ஹெலிகாப்டரில்தான் கொண்டுசெல்ல வேண்டியிருக்கும். தன்னார்வலர்கள் வடிகாலைத் தூர்வாரலாம். ஹெலிகாப்டருக்கு அவர்களால் பணம் தர இயலாது.

தேசியப் பூங்கா வந்திருந்தால் மைய அரசின் நிதியும், முழுநேரக் காவலர்களும், பாதைப் பணிக்கென ஒரு பிரிவும் வந்திருக்கும். ஆதரவாளர்களின் வாதத்தில் வலுவான பகுதி இதுவே. எனினும், எதிர்த்தவர்களை இயற்கையின் பகைவர்களாகச் சித்திரிப்பது நியாயமில்லை. பால்பண்ணை விவசாயிகள் புதிய கட்டுப்பாடுகளை அஞ்சினர். வெளியூர்ச் செல்வந்தர்கள் விடுமுறை வீடுகளை வாங்கிக் குவித்தால் உள்ளூர் இளைஞர்களுக்கு வீடு எட்டாக்கனியாகும் என்ற கவலையும் இருந்தது. ஒற்றை வழிச் சாலைகளில் சுற்றுலா வாகனங்கள் நெரிசலாகும் என்றனர். லாக் லோமண்ட் அனுபவமும் கண்முன்னே இருந்தது: 2002இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவில் 2017 முதல், பல ஏரிக்கரைகளில் மார்ச் தொடங்கி செப்டம்பர் வரை கூடாரமிட அனுமதிச் சீட்டு வேண்டும். உரிமை தந்த நாட்டிலேயே கூட்டம் மிகுந்தால் உரிமை சுருங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேலோவேயில் 'பூங்கா' என்ற சொல்லுக்கே கசப்பான வரலாறு உண்டு. 'பார்க்' என்றால் பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே கால்நடைகளுக்காகப் பிரபுக்கள் சுவரெழுப்பி வளைத்த நிலம். அதனால் வெளியேற்றப்பட்ட குடியானவர்கள் 1724இல் கூட்டமாகத் திரண்டு அந்தச் சுவர்களை இடித்துத் தள்ளினர். பின்னர் இருபதாம் நூற்றாண்டில் அரசே வந்து, மேய்ச்சல் குன்றுகளில் சிட்கா ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டது. இடையர் குடும்பங்கள் வெளியேறின. அண்மைக் காலத்தில் காற்றாலைகள். வெளியிலிருந்து வரைபடத்தோடு வருபவரை அவ்வூர் மக்கள் நம்பத் தயங்குவது வியப்பில்லை. பத்து மாதங்களில் அந்த நம்பிக்கையைப் பெற்றுவிடலாம் என அரசு எண்ணியதுதான் பிழை.

பூங்கா இல்லாமலும் பாதைகளைக் காக்கலாம். 19ஆம் பிரிவின் 'செய்யலாம்' என்பதை 'செய்ய வேண்டும்' எனத் திருத்த எல்லைக்கோடு வரைய வேண்டியதில்லை. எவருடைய நிலமும் கட்டுப்பாட்டுக்குள் வராது. ஆனால் நிதியின்றிக் கடமையை மட்டும் சுமத்தினால், உள்ளாட்சி அமைப்புகள் மையப் பாதைப் பட்டியலையே சுருக்கிவிடும். மறுஆய்வு செய்து பாதைகளை நீக்கச் சட்டம் இடம் தருகிறது. எனவே, பணம் எங்கிருந்து என்பதையும் உடன் சொல்ல வேண்டும். கேலோவே காடுகளில் பெரும்பகுதி அரசின் உடைமை. மரம் வெட்டி விற்கும் வருவாயும் அரசுக்கே. காற்றாலை நிறுவனங்கள் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுதோறும் 5,000 பவுண்டு உள்ளூர்ச் சமூகத்துக்கு அளிக்க வேண்டும் என்பது அரசின் பரிந்துரை. மர வருவாயில் ஒரு பங்கைப் பாதைகளுக்கென ஒதுக்குவது அரசின் கையில் இருக்கிறது. காற்றாலைப் பணத்தைப் பாதைக்குச் செலவிடுவதா, பள்ளிப் பேருந்துக்குச் செலவிடுவதா என்பதை அந்தக் கிராமங்களே தீர்மானிக்கட்டும்.