இரண்டு ஆண்டுக் கெடு

ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது முதுமுனைவர் ஆய்வாளராக, வேலை பார்க்கிறேன். உயிரணு தன் டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும்போது நடுவில் தடங்கல் வந்தால் அதை எப்படிச் சமாளிக்கிறது என்பது என் ஆய்வு. இது சம்பள உயர்வு கேட்கும் மடல் இல்லை. 2023 ஜனவரி முதல் ரிசர்ச் அசோசியேட்டுகளின் உதவித்தொகை 58,000 முதல் 67,000 ரூபாய் வரை உயர்ந்தது, மகிழ்ந்தோம். அது மாதாமாதம் தவறாமல் கைக்கு வந்தால் இன்னும் மகிழ்வோம். அதை இத்தோடு விடுகிறேன். கேட்க வந்தது காலம்.

தேசிய முதுமுனைவர் உதவித்தொகை இரண்டு ஆண்டுக்குத்தான். விண்ணப்பிக்கும்போது 35 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. இந்த இரண்டு ஆண்டு எங்கே போகிறது என்று உங்களுக்குக் கோப்புகளிலிருந்து தெரிய வாய்ப்பில்லை. ஆண்டறிக்கையில் பேப்பர் எண்ணிக்கை கேட்பீர்கள், நாங்களும் எழுதி அனுப்புவோம். நடுவில் நடந்தது அதில் வராது.

மனித உயிரணு ஒன்று பிரிவதற்கு முன் ஏறத்தாழ 600 கோடி டிஎன்ஏ எழுத்துகளை ஏழெட்டு மணி நேரத்தில் பிரதியெடுக்கிறது. முறுக்கு அவிழ்ந்து இரண்டாகப் பிரிகிற இடத்தை ஃபோர்க் என்போம். அந்த ஃபோர்க் ஓடுகிறதா, நிற்கிறதா, நின்ற இடத்தில் புது இழை அரிக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்கு ஃபைபர் அஸே என்று ஒரு முறை இருக்கிறது. வளரும் உயிரணுக்களுக்குக் குளோரின் ஏற்றிய நியூக்ளியோசைடை இருபது நிமிடம் போலக் கொடுப்போம். கழுவிவிட்டு, அயோடின் ஏற்றிய இன்னொன்றை அடுத்த இருபது நிமிடம். அந்த நேரத்தில் உருவாகும் டிஎன்ஏவில் இரண்டும் அடுத்தடுத்துப் பதிந்துவிடும். பிறகு உயிரணுவை ஸ்லைடின் மேலேயே உடைத்து, ஸ்லைடைச் சாய்த்து, இழை மெல்ல வழிந்து நீளும்படி விடுவோம். இரண்டுக்கும் தனித்தனி ஆன்டிபாடி போட்டு மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பாதி சிவப்பு, பாதி பச்சையாகக் கோடுகள் தெரியும். ஒரு மைக்ரோமீட்டர் நீளம் ஏறக்குறைய 2,590 எழுத்துகளுக்குச் சமம். ஒரு மாதிரிக்கு நூற்றுக்கணக்கான கோடுகளை அளக்க வேண்டும். எந்த ஸ்லைடு எது என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது என்பதால் பெயரை மறைத்து வேறொருவர் எண் ஒட்டித் தருவார். இப்படித் தனித்தனியாக மூன்று முறை செய்து, மூன்றும் ஒத்துப்போனால்தான் அதை முடிவு என்று வெளியே சொல்லலாம். மழைக்காலத்தில் இழை ஒழுங்காக நீள்வதில்லை என்று எங்கள் ஆய்வகத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை.

இந்தச் சோதனைக்கு முன்னால் ஒரு மரபணுவை நீக்கிய உயிரணு வரிசை வேண்டும். ஒற்றை உயிரணுவிலிருந்து வளர்த்து, மரபணு உண்மையிலேயே போயிருக்கிறதா என்று உறுதி செய்ய மாதக்கணக்கில் ஆகும். அந்த இரண்டு ஆன்டிபாடிகளும் கடல் கடந்து வர வேண்டும். கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், பர்ச்சேஸ் கமிட்டி, அப்புறம் கஸ்டம்ஸ். 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருள்களின் இறக்குமதி வரி 10 விழுக்காட்டிலிருந்து 150க்குப் போனது நினைவிருக்கும். ஆய்வாளர்கள் கூச்சலிட்ட பிறகு, ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும் பழைய 10க்கே இறக்கினார்கள். அது உங்கள் அமைச்சகத்தின் வேலை இல்லை, தெரியும். ஆனால் அப்படிக் கரையும் வாரங்களும் எங்கள் இரண்டு ஆண்டிலிருந்துதான் போகின்றன.

ஆக, நம்பத் தகுந்த முதல் முடிவு கைக்கு வரும்போது அடுத்த வேலைக்கு விண்ணப்பம் எழுதும் காலமும் வந்துவிடுகிறது.

இதனால் நேரும் பெரிய கெடுதல் எங்கள் சிரமம் அல்ல. கெடு, கேள்வியையே தேர்ந்தெடுத்துவிடுகிறது. இரண்டு ஆண்டில் முடிகிற கேள்வியைத்தான் புத்தியுள்ளவர் எடுப்பார்: ஏற்கெனவே இருக்கும் உயிரணு வரிசை, ஏற்கெனவே விற்கும் மருந்து, வேறு யாரோ கண்டுபிடித்த புரதம். முடிவு வரும், பேப்பர் வரும், ஒருவரும் வியக்க மாட்டார்கள். ஃபோர்க் ஏன் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் திரும்பத் திரும்ப நிற்கிறது என்பது போன்ற கேள்வியைத் தொட யாருக்கும் துணிவு வராது. நானும் புத்தியுள்ளவர்கள் கட்சிதான்.

அப்படிப்பட்ட கேள்விகள் எவ்வளவு காலம் கேட்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: டிஎன்ஏ பழுதுபார்ப்புக்கு 2015இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பெற்ற மூவரில் டோமஸ் லிண்டால், பிரின்ஸ்டனில் போஸ்ட்டாக்காக இருந்தபோது ஆர்என்ஏ சூட்டில் விரைவாகச் சிதைவதைப் பார்த்தார். அப்படியென்றால் டிஎன்ஏ மட்டும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற கேள்வியை ஸ்வீடன் திரும்பிச் சில ஆண்டுகள் கழித்தே கையில் எடுக்க முடிந்தது. டிஎன்ஏவில் தவறாக முளைக்கும் யுராசிலை வெட்டியெடுக்கும் நொதியை 1974இல் அறிவித்தார். இன்னொருவரான அஜீஸ் சாங்கருக்கு போஸ்ட்டாக் இடம் கேட்ட மூன்று விண்ணப்பங்களும் தள்ளுபடியாயின. யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வகத் தொழில்நுட்பர் வேலையில் சேர்ந்து, அங்கே ஐந்தாண்டு இருந்தார். புற ஊதாக் கதிர் கெடுத்த துண்டைப் பாக்டீரியா எப்படி வெட்டி எறிகிறது என்ற 1983ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அந்த ஆண்டுகள்தான் அடித்தளம். போஸ்ட்டாக் கிடைக்காததால் அவருக்கு ஐந்தாண்டு கிடைத்தது என்று சில நாள் குறும்பாகத் தோன்றும்.

மருந்தாக என்ன பயன் என்று கேட்பீர்கள், கேட்கத்தான் வேண்டும். பார்ப் எனும் நொதியின் செயல் 1963இல் ஸ்த்ராஸ்பூர்க்கில் முதலில் தென்பட்டது. டிஎன்ஏ பழுதுபார்ப்புக்கு உதவும் பிஆர்சிஏ மரபணு பழுதான புற்றணுக்கள் அந்த நொதியைத் தடுத்தால் மடிகின்றன என்று இரு பிரிட்டிஷ் குழுக்கள் 2005இல் காட்டின. அப்படித் தடுக்கும் மருந்தான ஓலாபாரிப் 2014இல் சூலகப் புற்றுக்கு ஒப்புதல் பெற்றது. நம் ஊர் மருத்துவர்களும் இன்று அதை எழுதித் தருகிறார்கள். நொதி தென்பட்டதற்கும் அந்த ஒப்புதலுக்கும் நடுவில் 51 ஆண்டுகள். நின்றுபோன ஃபோர்க்கை பிஆர்சிஏ2 அரிப்பிலிருந்து காக்கிறது என்று மரியா ஜாசின் ஆய்வகம் 2011இல் சொன்னதும் மேலே நான் விவரித்த அதே சிவப்பு பச்சைக் கோடுகளை அளந்துதான்.

உதவித்தொகைக் காலத்தை நீட்டித்தால் அதே நிதியில் ஆள் குறையுமே என்பார்கள் உங்கள் அதிகாரிகள். குறையும். குறையட்டும் என்பது என் கருத்து. இதைப் படித்து, பிஎச்.டி. முடித்துக் காத்திருக்கும் தம்பி தங்கைகள் என்மேல் கோபப்படுவார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இப்போது நடப்பதைச் சொல்ல வேண்டும்: இந்திய போஸ்ட்டாக் பதவி, வெளிநாட்டில் இடம் கிடைக்கும்வரை உட்காரும் திண்ணையாகிவிட்டது. அரைகுறையாய் நின்ற பிராஜெக்ட் ஃப்ரீசரில் கிடக்கும். அந்த உயிரணுக் குப்பிகளின் மேல் எழுதிய சுருக்கெழுத்துக்கு என்ன பொருள் என்று அடுத்து வருபவர் வாட்ஸ்அப்பில் பழையவரைத் தேடிப் பிடித்துக் கேட்பார். திண்ணையில் நிறையப் பேரை உட்கார வைப்பதைவிடச் சிலரை வீட்டுக்குள் விடலாம்.

முதலில் மூன்று ஆண்டு கொடுங்கள். மூன்றாம் ஆண்டின் நடுவிலேயே ஆய்வைப் பரிசீலித்து, தகுதியிருந்தால் இன்னும் இரண்டு; இல்லையென்றால் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லிவிடுங்கள், வேறு வழி பார்ப்போம். பிறந்த தேதிக்குப் பதிலாகப் பிஎச்.டி. பெற்ற ஆண்டிலிருந்து தகுதியைக் கணக்கிடுங்கள். தாமதமாகப் படிப்பைத் தொடங்கியவர்களில் பலர் வீட்டில் பணமில்லாதவர்கள். பரிசீலனையின்போது பேப்பரோடு லேப் நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். தோற்ற சோதனைகளைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் குழுவில் வைத்தால், யார் வேலை பார்த்தார், யார் பார்க்கவில்லை என்று ஒரு மதியத்தில் சொல்லிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு முதுமுனைவர் ஆய்வாளர்,
பெங்களூரு